டர்போவைக் கழற்றும் முன்: நின்ற இடத்தில் நடுங்கும் டீசல் கார் பற்றிச் சில குறிப்புகள்

போன ஆடியில் லீவுக்குக் கழுகுமலை போயிருந்தேன். வாசலில் அப்பாவின் கார் ஸ்டார்ட் செய்த நிலையில் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்று சொல்வதைவிட நடுங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங், கண்ணாடி, டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எல்லாம் ஒரே தாளத்தில் ஆட்டம். ஆனால் அதே காரைக் கோவில்பட்டிக்கு ஓட்டிப்போனால் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது கியரில் அறுபதில் வழுக்கிக்கொண்டு போகிறது. ரயில்வே கேட்டில் நிறுத்தினால் மறுபடி நடுக்கம். காலையில் ஸ்டார்ட் ஆகவும் கொஞ்சம் அடம்.

2011 மாடல். 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், காமன் ரெயில் டர்போ டீசல். ஓடியது ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் பழுது கம்பெனியுடையது இல்லை. அது கடைசியில் தெரியும்.

நான் வருவதற்கு முன்பே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார்கள். டர்போவுக்குப் போகும் ஓஸைக் கழற்றி, உள்ளே எண்ணெய் ஈரத்தைக் காட்டி, "டர்போ போச்சு, நாற்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். "பதினாலு வருஷ வண்டிக்கு நாப்பதாயிரமா? பேசாம தள்ளி விட்ருங்க மாமா" என்று மச்சான் யோசனை சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு 74 வயது. அம்மாவை மாதம் இரண்டு தடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அவர்தான் ஓட்டிக் கூட்டிப்போகிறார். இந்த வண்டி போனால் அவர் இன்னொரு வண்டி பழகப்போவதில்லை. வண்டியோடு அவர் ஓட்டுவதும் முடிந்தது என்று அர்த்தம். அவர் அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் நான் பானட்டைத் திறந்தபோது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

நான் மெக்கானிக் இல்லை. பிஇ படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் பிழை தேடுகிறவன். அந்த வேலையில் கற்ற ஒரே பாடம், எதையும் மாற்றும் முன் எங்கே பிழை இல்லை என்பதைக் கண்டுபிடி என்பது. அதையே இங்கேயும் செய்து பார்த்தேன்.

ஐடிலில் டர்போ என்ன செய்கிறது?

கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனைதான் இன்றைய டர்போவுக்கும் அடிப்படை. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்று, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தட்டும். புகை நிறைய இருந்தால்தான் சக்கரம் வேகமாகச் சுற்றும். நியூட்ரலில் 850 ஆர்பிஎம்மில் இன்ஜின் விடுகிற புகைக்கு அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இதை நம்ப வேண்டாம், அளந்து பார்க்கலாம். ஓபிடி பிளக்கில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் உள்ளிழு குழாயின் அழுத்தத்தைப் பார்த்தேன். 99 கிலோபாஸ்கல். அது வெறும் ஊர்க் காற்றின் அழுத்தம். ஸ்டார்ட் செய்து ஐடிலில் பார்த்தேன். 100. டர்போவின் பங்களிப்பு அவ்வளவுதான். ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தபோது 200ஐத் தாண்டியது. அப்படியென்றால் வேலை செய்ய வேண்டிய இடத்தில் டர்போ வேலை செய்கிறது. நடுக்கம் வருவதோ அதற்கு வேலையே இல்லாத இடத்தில்.

அப்போ ஓஸில் இருந்த எண்ணெய்? இன்ஜினின் அடியிலிருந்து வரும் ஆவியை உள்ளிழு பாதையிலேயே சேர்த்துவிடும் அமைப்பு எல்லா டீசல் கார்களிலும் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சாதாரணம். டர்போவின் சீல் நிஜமாகவே போயிருந்தால் நீலப் புகை வரும், ஆயில் குறையும், தண்டைக் கையால் அசைத்தால் சக்கரம் கூட்டில் உரசும். இங்கே மூன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இது டீசலுக்கு மட்டும். பெட்ரோல் டர்போவில் த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அங்கே ஓஸில் சின்ன ஓட்டை இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் கெடும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் முதலில் ஓஸ்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கடுகு எடை

ஓடும்போது நன்றாக இருப்பது நின்றால் ஏன் நடுங்குகிறது? இதற்கு ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு இன்ஜின் ஐடிலில் மணிக்குச் சுமார் அரை லிட்டர் டீசல் குடிக்கும். எடையில் 415 கிராம். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரியும். 850 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 1,02,000 தடவை. வகுத்தால் ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம் வருகிறது. ஏறக்குறைய ஒரு கடுகின் எடை. முழு மிதியில் அதே இன்ஜெக்டர் இதைப்போலப் பத்து மடங்கு பீய்ச்சும்.

இப்போது ஒரு இன்ஜெக்டர் 1 மில்லிகிராம் குறைவாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு மிதியில் நாற்பதில் ஒன்று, யாருக்கும் தெரியாது. ஐடிலில் நாலில் ஒன்று. அந்தச் சிலிண்டர் கால்வாசி சோற்றில் குறைந்த ஆள் மாதிரி நொண்டும். அதனால்தான் ஐடிலிங் நடுக்கம் பெரும்பாலும் சின்னப் பழுதின் பெரிய சத்தம். பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

எந்த மாதிரி நடுக்கம்?

"ஆடுது" என்று நாம் சொல்வதில் மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, தாளத்தோடு ஆடுவது. ஒரு சிலிண்டர் மட்டும் சோடை போனால் அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் ஒரு குலுக்கல். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால் 850 ஆர்பிஎம்மில் இது வினாடிக்கு 7 தடவை வரும்.

இரண்டு, ஆர்பிஎம்மே ஏறி இறங்கி அலைவது. இது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான பழுதைக் காட்டும். டீசல் பாதையில் காற்று, அடைத்த ஃபில்டர், கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்ட ஈஜிஆர் வால்வு, இப்படி.

மூன்று, இன்ஜின் ஒழுங்காக ஓடும், பாடி மட்டும் அதிரும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்திருக்கும். நாலு சிலிண்டரும் எரியும் இயல்பான அதிர்வு வினாடிக்கு 28 தடவை. ரப்பர் போனால் அது அப்படியே பாடிக்கு வந்துவிடும்.

இதைக் காதால் பிரிக்க அனுபவம் வேண்டும். எனக்கு அது இல்லாததால் போனை வைத்துப் பிரித்தேன். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தினர் ஃபைபாக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறார்கள். போனில் உள்ள அதிர்வுமானியை வைத்து எந்த வேகத்தில் ஆட்டம் அதிகம் என்று வரைபடம் போட்டுக் காட்டும். போனை டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டி ஒரு நிமிஷம் விட்டேன். 28இல் சின்ன மேடு. 7இல் கழுகுமலை மாதிரி ஒரு மேடு. செலவு பூஜ்யம். டர்போ, மவுண்ட், ஈஜிஆர் மூன்றும் பட்டியலில் கீழே போய்விட்டன.

இன்ஜின் ஏற்கனவே எழுதி வைத்த பதில்

பழைய டீசல் இன்ஜினில் பம்ப் அழுத்தத்தால் நாசில் தானாகத் திறக்கும். காமன் ரெயிலில் ஒரு பொதுக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், எந்த இன்ஜெக்டர் எப்போது எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஈசியு என்ற கம்ப்யூட்டர் மின்சாரத்தால் சொல்லும். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் இந்த முறை விற்பனைக்கு வந்தது. நம்ம ஊர்ப் பக்கம் 2007இல் ஸ்விஃப்ட் டீசல் வந்த பிறகு தெருவுக்குத் தெரு வந்துவிட்டது.

இந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரிந்த பிறகும் தண்டு எவ்வளவு வேகமெடுத்தது என்று பார்த்து, சோடை போன சிலிண்டருக்குக் கொஞ்சம் கூட்டியும் மற்றவற்றுக்குக் குறைத்தும் கொடுத்துச் சமாளிக்கும். அந்தத் திருத்த அளவை மில்லிகிராமில் படிக்கலாம். சாதாரணச் செயலிகளில் தெரியாது, அந்தக் கம்பெனி வண்டிக்கென்று உள்ள ஸ்கேனர் வேண்டும். கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் இருந்தது. படித்தோம்:

1ஆம் சிலிண்டர்: குறைவு 0.7
2ஆம் சிலிண்டர்: குறைவு 0.5
3ஆம் சிலிண்டர்: கூடுதல் 1.9
4ஆம் சிலிண்டர்: குறைவு 0.7

கடுகில் பாதியைக் கூடுதலாகக் கொடுத்தும் மூன்றாவது நொண்டுகிறது. அதாவது நாம் கையில் உணரும் நடுக்கம் ஈசியு மறைத்தது போக மிச்சம். பழுது அதைவிடப் பெரியது, ஆரம்பித்தும் ரொம்ப நாளாகியிருக்கும்.

நான் உடனே போனை எடுத்து மூன்றாவது இன்ஜெக்டருக்கு விலை பார்க்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி தடுத்தார். "தம்பி, இது எந்த சிலிண்டர்னுதான் சொல்லுது. ஏன்னு சொல்லலியே." அவர் சொன்னது சரி. கம்ப்ரஷன் குறைந்தாலும் இதே எண்தான் வரும். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தாலும் இதே எண்தான்.

வாஷர் கசிந்தால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கரி படிந்து, 'சுஃப் சுஃப்' என்று சத்தம் வரும். இல்லை. அடுத்து ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தான் பீய்ச்சாத டீசலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். உள்ளே தேய்ந்திருந்தால் நிறையத் திருப்பும், பீய்ச்சுவது குறையும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய குளுக்கோஸ் டியூப் நாலு, ஒரே அளவு பாட்டில் நாலு. ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி டியூப் மாட்டி மூன்று நிமிஷம் ஐடிலில் விட்டோம். மூன்று பாட்டிலில் ஏறக்குறைய ஒரே மட்டம். மூன்றாவதில் மட்டும் மற்றதைப் போல இரண்டரைப் பங்கு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததற்கும் இதுவே காரணம். திரும்பிப் போவது அதிகமானால் ரெயிலில் அழுத்தம் ஏற நேரமாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இன்ஜினில் எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே உள்ளே 250 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசி மாதிரி வரும் அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கழற்றியது அழுத்தம் குறைந்த ரிட்டர்ன் குழாயை மட்டும், அதுவும் இன்ஜினை நிறுத்திவிட்டு.

"எதுக்குப் போச்சுன்னு பாத்தியளா?"

இன்ஜெக்டர்தான் என்று உறுதியானது. நான் எழுந்துவிட்டேன். என் வேலையில் இதைப் பிழை கண்டுபிடித்தாயிற்று என்று மூடிவிடுவோம். அண்ணாச்சி உட்கார்ந்தபடியே கேட்டார், "எதுக்குப் போச்சுன்னு பாத்தியளா?"

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்து வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். மேலே டீசல், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், நடுவே கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் வளரும் நுண்ணுயிர்களின் அழுக்கு அது.

அப்பாவும் கூட வந்திருந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பீப்பாயிலருந்து ரெண்டு கேன் ஊத்துவேன்யா, அப்பப்ப. டிராக்டருக்கு வாங்குறதுதான" என்றார்.

தோட்டத்தில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வருஷக்கணக்காக இருக்கிறது. வேப்பமரத்து நிழல் கூட இல்லாத இடம். எங்கள் கரிசல் காட்டில் பகலில் பீப்பாய் கொதிக்கும், இரவில் ஆறும். பாதி காலியாக இருந்தால் சூட்டில் உள்காற்று வெளியேறி, ஆறும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். ஈரம் தகரத்தில் வியர்த்து அடியில் இறங்கும். ஐப்பசி மழையில் மூடி வழியாகவும் கொஞ்சம். காற்றுக் காலத்தில் புழுதி வேறு.

அப்பா செய்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே டீசலில் டிராக்டர் பத்து வருஷமாக ஓடுகிறது. ஆனால் டிராக்டரின் பழைய பம்ப் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காமன் ரெயில் இன்ஜெக்டரின் உள்ளே வால்வுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டீசல்தான் எரிபொருளும் மசகும். தண்ணீர் போனால் மசகு போச்சு, துருவும் தேய்மானமும் ஆரம்பம்.

நான் மட்டும் முடிவெடுத்திருந்தால் புது இன்ஜெக்டரை மாட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பேன். அடுத்த கேன் பீப்பாய் டீசலில் அதுவும் போயிருக்கும். எண்களை எல்லாம் படித்த எனக்கு, வண்டியில் எங்கே டீசல் போடுகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே அரைவாசி முடிந்திருக்கும்.

செய்ததும் செலவும்

டேங்கை இறக்கிக் கழுவினோம். புது ஃபில்டர். மூன்றாவது இன்ஜெக்டரைத் திருநெல்வேலியில் ஒரு டீசல் பம்ப் கடையில் சோதித்து மாற்றினோம். மற்ற மூன்றும் பெஞ்சில் அளவுக்குள் இருந்தன. இன்ஜெக்டரின் தலையில் அதன் அளவைச் சொல்லும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். மாற்றினால் அதை ஈசியுவில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டரிலும் நடுக்கம் வரும், நாம் பழுது வேறு எங்கோ என்று தேட ஆரம்பிப்போம். எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்துச் சொச்சம்.

மறுபடி படித்தபோது மூன்றாவதின் திருத்தம் 0.2. போனில் 7இல் இருந்த மேடு காணவில்லை.

பீப்பாய் இன்னும் இருக்கிறது, தோட்டத்துக்கு அது வேண்டும். ஆனால் கொட்டகைக்குள் போய்விட்டது. அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் குழாய் வைத்தாயிற்று, அதற்குக் கீழே தங்குவதை மாதம் ஒருமுறை வடிக்க அடியில் ஒரு திருகு. கார் டீசல் பங்கிலிருந்து மட்டும்.

உங்கள் பழைய டர்போ டீசல் நின்ற இடத்தில் நடுங்கினால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் எங்கே டீசல் போட்டீர்கள், எப்போதிலிருந்து நடுக்கம் என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். ஃபில்டரில் தண்ணீர் வடித்து ஒரு ராத்திரி பாட்டிலில் வையுங்கள். போனை வைத்துத் தாளம் பாருங்கள். 7 பக்கம் மேடு இருந்தால் ஒரு சிலிண்டர், 28 மட்டும் என்றால் மவுண்ட், அலைந்தால் டீசல் பாதையும் ஈஜிஆரும். பிறகு திருத்த எண்கள். பிறகு வாஷர், ரிட்டர்ன் சோதனை. அதிலும் ஒன்றும் இல்லை என்றால் கம்ப்ரஷன். கழற்றினால் திரும்ப மாட்டச் செலவாகும் எதையும் கடைசியில் வையுங்கள். வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழே குடைந்தவர்களுக்கு ஒரு வெட்டு தப்பினாலும் ஒட்டவைக்க வழியில்லை. நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை, முதல் நாலு படிகளில் எதையும் வெட்டவே வேண்டாம்.

போன வாரம் அப்பாவிடம் போனில் பேசினேன். அம்மாவைத் திருநெல்வேலி கூட்டிப்போய் வந்திருக்கிறார். வண்டி எப்படி என்று கேட்டேன். "கேட்டுல நின்னா ஓடுதா நின்னுருச்சான்னே தெரியலய்யா" என்றார்.